நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அந்த நாவலை என் மகள் சம்யுக்தாவுக்குத் தரலாமா என்று பள்ளி நூலகம் என்னைக் கேட்டிருந்தது. மறுப்பதென்றால் காரணம் எழுத வேண்டும்.

"பதினாறு வயதுப் பெண் காரணமே இல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். ஆசிரியர் அதைக் கண்டிப்பதும் இல்லை. தவறான, அலுப்பூட்டும் நூல்" என்று எழுதினேன்.

மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அலுப்பா? பொய் சொல்லாதம்மா."

எந்தப் பக்கத்தில் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை நூலகத்தின் மின்பிரதிகள் மறப்பதில்லை. வீட்டார் கேட்டால் காட்டியும் விடும். அவள் கேட்டிருக்கிறாள்.

"இது பதினேழு வயசுல நீ படிச்சது. மத்த பக்கமெல்லாம் ரெண்டு நிமிஷம். நூத்திப் பன்னெண்டுல மட்டும் நாப்பது நிமிஷம். தூங்கிட்டியா?"

அந்தப் பக்கத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. தெரியாத ஊரின் பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் டீ குடித்துக்கொண்டிருப்பாள். அவள் யார் மகள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கடைசி வரியில் பேருந்து வரும்.

"தூங்கலடி. பக்கத்தைத் திருப்பினா அவ பஸ் ஏறிடுவா. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்திருக்கணும் போல இருந்துச்சு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

சம்யுக்தா கிண்டலை நிறுத்திவிட்டு என்னைப் புதிதாகப் பார்த்தாள். "எந்த ஊரும்மா அது?"

"பேர் போடலை."

எழுதியதை அழித்துவிட்டுச் சம்மதம் கொடுத்தேன். "நீ எந்தப் பக்கத்துல நிக்கிறேன்னு நான் பாக்க மாட்டேன்" என்றேன்.

"நீயா? பாப்பே" என்றாள்.