பெயர் வெளியே வராது

தலைக்கவசத்தைக் கழற்றாமலே கவுண்டர் முன்னால் வந்து நின்றார் அந்த மனிதர். சங்கிலியில் சிக்காமலிருக்கப் பேண்ட்டின் வலது காலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்.

இன்னொரு சைக்கிள் என்று நினைத்துக்கொண்டாள் சாலைப் புகார்ப் பிரிவின் குமாஸ்தா. அரசாங்கம் பாதி விலைக்கு சைக்கிள் கொடுத்து, சாலையோரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்ததிலிருந்து அவளுடைய கவுண்டர் சந்தைக்கடையாகிவிட்டது. பெயின்ட் அடித்தவர்கள் வேன்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“சொல்லுங்க சார். யார் இடிச்சாங்க?”

“பஸ்ல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சும்மா. ஆபத்தா வண்டி ஓட்டுறவங்களைப் பத்தி யார் வேணாலும் சொல்லலாம், சொன்னவங்க பேர் வெளியே வராதுன்னு. நிஜந்தானா?”

“வராது சார்.”

“வண்டிச் சொந்தக்காரருக்குக்கூட?”

“யாருக்குமே தெரியாது. நம்பர் சொல்லுங்க.”

ஒப்பிப்பது போல மளமளவென்று சொன்னார். வெள்ளை நிற ரொட்டி வேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் தினமும் கடைகளுக்கு ரொட்டி போடப் போகும்.

கையெழுத்துக்காகத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். பேனா இடது ஓரத்தில் கயிறு கட்டிக் கிடந்தது. அவர் மேசை முழுக்கத் துழாவினார். கடைசியில் அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். மனுஷன் ஆடிப்போயிருக்கிறார் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

“உங்களையும் இடிச்சுதா சார்?”

“இல்லம்மா. ஆனா பாதி வழி சைக்கிளைத் தள்ளிட்டுதான் வந்தேன். ரோட்டுல ஏறவே பயமா இருக்கு.”

“என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க.”

“நேத்து ஒரு ஸ்கூல் பொண்ணு, பச்சைக் கோட்டுக்குள்ள ஒழுங்காத்தான் போய்ட்டிருந்துச்சு. வேன் உரசித் தள்ளிடுச்சு. முழங்கையெல்லாம் ரத்தம். ஓட்டினவனுக்கு இடிச்சதே தெரியலம்மா. யாரோ ஓடிவந்து வண்டியைத் தட்டினப்புறம்தான் நிறுத்தினான்.”

“குடிச்சிருந்தானா?”

“தொட்டதே கிடையாது. கண்ணும்மா. நேரா இருக்கிறது தெரியும், பக்கத்துல வர்றது தெரியாது. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு பிள்ளை சாகிறதுக்குள்ள அவன் லைசென்ஸைப் பிடுங்கிடுங்கம்மா.”

குரல் உடைந்துபோயிற்று. அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, தினமும் பலரிடம் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டாள்.

“வீடியோ இருக்கா சார்?”

“இல்லியேம்மா.”

“ஹெல்மெட்ல கேமரா?”

“இல்ல. ஆனா நான் அங்கதாம்மா இருந்தேன்.”

“நீங்க இருந்தீங்க சார், கேமரா இல்லியே. வீடியோ இல்லாத புகாரை கம்ப்யூட்டரே உள்ள விடாது. என் கையில எதுவும் இல்ல.”

அவள் தலைக்கு மேலே சுவரொட்டியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தது. சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரிதான் வீடியோ கேட்டார்.

“ஒண்ணு செய்யலாம்,” என்றாள் குமாஸ்தா. “அந்த டிரைவரே டாக்டர் சீட்டோட வந்து ஒப்படைச்சா, இன்னிக்கே லைசென்ஸை நிறுத்திடலாம்.”

அவர் முகம் சட்டென்று நிமிர்ந்தது. “அப்படிச் செஞ்சா முதலாளிக்குத் தெரியாதில்ல?”

“தெரியாம எப்படி? டிரைவர் தானே வந்து ஒப்படைச்சுட்டார்னு முதலாளிக்கு உடனே தகவல் போயிடும்.”

நிமிர்ந்த முகம் தொங்கிப்போனது.

“நீங்களாவது அந்த டிரைவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா சார்?”

“அவனுக்கும் எல்லாம் தெரியும்மா. ஆனா வண்டி அவனோட மாப்பிள்ளையோடது. கண்ணு தெரியலன்னு சொன்னா, வேலைக்கு டிமிக்கி குடுக்கிறதா நினைக்கிறார். இவனா இறங்கிட்டா மறுநாளே பொண்ணு பெட்டியும் கைக்குழந்தையுமா வாசல்ல வந்து நிக்கும். ஒரு தடவை அப்படி அனுப்பினவர்தான். சர்க்காரே நிறுத்திட்டா யாரையும் குத்தம் சொல்ல முடியாதில்லம்மா?”

குமாஸ்தாவுக்கு இப்போது விளங்கிவிட்டது. சம்பந்தி வீட்டுச் சண்டை. அந்த மாப்பிள்ளையைப் பிடிக்காத யாரோ ஒரு உறவுக்காரர், வேனைச் சாக்கு வைத்து வந்திருக்கிறார்.

“வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க சார்.”

“சண்டை இல்லம்மா. சத்தியமா இல்ல.”

அவர் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பள்ளிக்கூட வாசல்ல ஓரமா நின்னு, வேன் வரும்போது போன்ல ஒரு வீடியோ எடுங்க. எடுத்துட்டு நேரா என்கிட்ட வாங்க. உங்க புகாரை நானே முதல்ல பாக்கறேன்.”

“என்னால எடுக்க முடியாதும்மா.”

“அதுல என்ன கஷ்டம்? தினமும் அதே நேரத்துக்கு வருதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

“அந்த நேரத்துல உங்களுக்கு அப்படி என்ன சார் வேலை?”

“அந்த வேனை ஓட்டணும்மா.”