ஆறின காபி

பிணத்தின் சூட்டை வைத்து உயிர் போன நேரத்தைக் கண்டுபிடிக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடக் கணக்கை நோட்டில் போட்டுக்கொண்டிருந்தாள் பூங்கொடி. அண்ணன் பின்சுவர் ஏறிக் குதித்த சத்தம் அடங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணன் எங்கம்மா?"

"காலைலயே போயிட்டான் சார்."

அவர் குனிந்து கணக்கை நிதானமாகப் படித்தார். பிறகு அவர் பார்வை மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளருக்குப் போனது. அதில் அண்ணனின் பெயர் வெட்டியிருந்தது. பாதிக் காபி மிச்சமிருந்தது.

"இது?"

"காலைல அவன் குடிச்சிட்டு வச்சது சார்."

அவர் விரல் டம்ளரைத் தொடுவதற்குள் அவள் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு வெந்தது. கண்ணைக் கலங்கவிடாமல், "ஆறிப்போச்சு சார்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் கணக்கைப் பார்த்தார்.

"டம்ளரை இப்படிக் குடும்மா," என்று கையை நீட்டினார்.