மூன்றாவது ஏற்புரை

“கட். ஐயா, நன்றி சொல்லும்போது கேமராவைப் பாருங்க. என் சட்டையைப் பார்க்காதீங்க.”

“காலர் கோணலா இருக்கு தம்பி. கண்ணு அங்கேயே போகுது,” என்றார் தையல்காரர்.

வீடியோக்காரன் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி கேமராவை ஓடவிட்டான்.

“பசுமைக் காவலர் விருதை எனக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அமைப்புக்கு நன்றி. வாய்க்காலுக்கு நன்றி. வாய்க்கால்ல குப்பை போட்டவங்களுக்கும்...”

“அவங்களுக்கு எதுக்கு நன்றி?” கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கேட்டார்.

“அவங்க போடலைன்னா நான் எதை அள்ளியிருப்பேன்?”

“அப்ப எனக்கும் ஒரு நன்றி சொல்லுங்க. சேறும் சகதியுமா வந்து நிப்பீங்களே, அந்தத் துணியை யார் துவைச்சது? அவங்களா?”

மறுபடி எடுத்தார்கள்.

விருது விழா இணையத்தில்தான். நேரலையில் பேசும்போது யாருக்காவது நெட் நின்றுபோனால் மானம் போகும் என்று, இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரையும் ஜெயித்ததுபோலவே பேசவைத்து முன்கூட்டியே எடுத்துவைப்பது ஏற்பாடு. யார் பெயர் வருகிறதோ அவர் பேச்சு ஓடும். மற்ற இரண்டும் குப்பைக்குப் போகும்.

வீடியோக்காரன் அலுவலகத்தில் அவற்றை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“தையல்காரர் நல்லாப் பேசியிருக்கார். பாவம், விருது மாடித்தோட்டம் போடற டீச்சருக்குத்தான். மூணு பேரையுமே எடுக்கறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்கள்ல?”

மவுஸ் மேலிருந்த கை அப்படியே நின்றது. டீச்சரிடம் சொன்னான். சைக்கிள் சங்கத்துக்காரரிடம் சொன்னான். தையல்காரர் வீட்டில் காலரைச் சரிசெய்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது.

போன் செய்தான். மனைவிதான் எடுத்தார்.

“தம்பி, நீங்களா? ஞாயித்துக்கிழமை நீங்களும் கட்டாயம் வந்துடணும். எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றார். இவர் வாய்க்கால்ல இறங்கின நாள்லேர்ந்து இவரைக் குப்பை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவார். வந்து கண்ணால பார்க்கட்டும். தெருவுல ஒரு வீட்டை விடலை. பக்கத்து வீட்டுப் பெரிய டிவியை ஹாலுக்குத் தூக்கிட்டு வரச் சொல்லியாச்சு.”

“அம்மா, அது வந்து...”

“என்ன தம்பி?”

“டிவி எத்தனை இன்ச்?”

போனை வைத்துவிட்டுத் தன்னைத் திட்டிக்கொண்டான். பிறகு தையல்காரர் மனைவியைத் திட்டினான். பெருமையடிக்க ஒரு அளவு வேண்டாமா.

ஞாயிற்றுக்கிழமை அவன் போகும்போதே ஹால் நிரம்பியிருந்தது. கணவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினார் என்று மனைவி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதில் யாரையும் உட்கார விடவில்லை.

அவன் தையல்காரரைப் பின்பக்கம் அழைத்துப்போய், சமையலறை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, நாக்குக் குழற எல்லாவற்றையும் சொன்னான்.

தையல்காரர் அவன் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“உங்க சட்டைக் கையில தையல் விட்டிருக்கு தம்பி,” என்றார்.

“ஐயா, தப்பு என்னோடது. நானே உள்ள வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“வேணாம். எனக்கென்ன, காலையில எழுந்தா வாய்க்கால் அங்கேயேதான் இருக்கப் போகுது. அவதான்... அண்ணன் முன்னாடி அவ முகம் வாடக் கூடாது.” மோவாயைத் தடவிக்கொண்டார். “பேர் சொல்ற நேரத்துல உள்ளறைக்குப் போய் மோடம் ஒயரைப் பிடுங்கிடறேன். நெட் போயிடும். என் பேச்சு உங்க லேப்டாப்ல இருக்குல்ல? அதைப் போட்டுடுங்க. நாளைக்கு அவகிட்ட நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்.”

விழா தொடங்கியது. தலைமை தாங்கியவர் மைக்கைப் போட மறந்து நெடுநேரம் வாயசைத்தார். ஹாலில் அதற்கும் கை தட்டினார்கள். பிறகு மூன்று பேரின் படங்களும் வரிசையாக வந்தன. தையல்காரர் முகம் வந்ததும் விசில் பறந்தது.

அவர் எழுந்தார்.

“எங்க மாப்பிள்ளை ஓடறீங்க?” மச்சினர் அவர் கையைப் பிடித்தார். “உங்க பேர் வர்ற நேரம். உட்காருங்க.”

“தண்ணி குடிச்சுட்டு...”

“ஜெயிச்சுட்டுக் குடிக்கலாம்.”

இழுத்து உட்காரவைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார். மர அறுவை மில் நடத்துகிறவரின் கை. தையல்காரரால் அசைய முடியவில்லை. போதாததற்கு யாரோ அவர் மடியில் ஒரு குழந்தையை வேறு இறக்கிவிட்டுப் போனார்கள்.

அவர் வீடியோக்காரனைப் பார்த்தார். வீடியோக்காரன் உள்ளறைக் கதவைப் பார்த்தான். நடுவில் கால் வைக்க இடமில்லை. தெருவே தரையில் உட்கார்ந்திருந்தது.

“இந்த ஆண்டின் பசுமைக் காவலர் விருதைப் பெறுபவர்...” அறிவிப்பாளர்ப் பெண் நிறுத்திச் சிரித்தாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சிரித்தபடியே இருந்தாள். முகத்தின் நடுவில் ஒரு வட்டம் சுழன்றது.

“போச்சு. நெட் போச்சு,” என்றது கூட்டம்.

தையல்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். மச்சினரின் கை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது.

உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு மனைவி வந்தார்.

“இந்தச் சனியனுக்கு நேரம் காலமே கிடையாது. தம்பி, இவர் பேசினது உங்ககிட்ட இருக்கும்ல? அதைப் போடுங்க. எல்லாரும் அதைக் கேக்கத்தானே வந்திருக்காங்க.”

போட்டான்.

“வாய்க்காலுக்கு நன்றி,” என்றார் டிவியில் தையல்காரர். மச்சினர் எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்து ஹாலே எழுந்தது.

மனைவி கணவர் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு கையாலும் தட்டுவதற்காக, உள்ளங்கையில் சுருட்டி வைத்திருந்த ஒயரைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினார்.