எட்டாவது காரின் சூடு

எதிர்வீட்டு லிப்ட் மெக்கானிக் காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

“சுடுது” என்றார்.

காலை ஆறரை மணி. காரை விற்க வந்திருந்த ஜிம் மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று.

அன்றைக்குப் பார்த்து என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் மங்கல். வேறு வழியில்லாமல் அவர்கள் வாசலுக்கே வந்து நிற்கவேண்டியதாயிற்று.

மூன்று மாதமாக எங்கள் தெருவுக்கு இதுதான் பொழுதுபோக்கு. வேலைக்காலம் முழுக்க மேலும் கீழுமாகவே போய்வந்த மனிதருக்கு, ஓய்வு பெற்றதும் நேராகப் போக ஆசை வந்துவிட்டது. அதுவும் வேகமாக. சின்ன கார்தான் கேட்டார். ஆனால் டர்போ இருக்கவேண்டும், மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டவேண்டும். கையிலிருந்த பணத்துக்கு அப்படிப்பட்டது புதிதாகக் கிடைக்காது. யாராவது ஓட்டி அலுத்ததுதான் கிடைக்கும்.

வந்தது ஏழு. திருப்பி அனுப்பியதும் ஏழு.

எல்லாம் அந்த உள்ளங்கை செய்த வேலை. லிப்ட் மோட்டார் அறையில் முப்பது வருடம் நின்றதில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. எதையும் தொட்டுத்தான் நம்புவார். எஞ்சினில் கோளாறு இருந்தால், ஆறிக்கிடந்த வண்டியை முதல் தடவை கிளப்பும்போதுதான் புகையாகவோ உதறலாகவோ தெரியுமாம். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி அதை மறைத்துவிடுவார்களாம். பின்னே, ஓட்டிக்கொண்டு வராமல் தலையில் சுமந்துகொண்டா வருவார்கள் என்று கேட்டேன். முறைத்தார்.

அதனால்தான் எட்டாவதுக்கு இப்படி ஓர் ஏற்பாடு. முந்தின நாளே கார் அவர் வாசலுக்கு வந்துவிடவேண்டும், சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கவேண்டும், விடிந்ததும் அவர் கையாலேயே கிளப்பவேண்டும்.

அப்படியும் சுட்டது.

“தம்பி, டூப்ளிகேட் சாவி உங்ககிட்டதானே இருக்கு? விடியறதுக்குள்ள வந்து சூடு பண்ணிட்டுப் போயிட்டீங்க.”

“சார், வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க. அதுங்க சீட்டு ரெண்டும் இதுல நுழையலன்னுதான் விக்கறேன். நான் தூங்கினதே நாலு மணிக்கு!”

மெக்கானிக் காரைச் சுற்றி வந்தார். இன்னொரு சுற்று வந்தார். டயரை உதைத்தார். அவருக்குக் கார் பிடித்திருந்தது. அது தெருவுக்கே தெரியும். இரவு மூன்று தடவை எழுந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவர் ஆயிற்றே. (நானும் எழுந்ததால் தெரியும்.) ஆனால் உள்ளங்கை சொன்னதை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

அவர் மனைவி வாசல்படியில் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு காரிலும் பின்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவள், ஒன்றைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. தினமும் ஐந்து மணிக்கு என்னோடு நடக்கப் போவாள். நாலு மாதமாக நடந்தும் ரெண்டு பேரும் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்று மெக்கானிக்குக் கிண்டல்.

அவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சிசிடிவி. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்.

“என்னங்க சிசிடிவி, உங்க கண்ணுக்குத் தப்பாதே. காலைல வண்டிய யாராச்சும் எடுத்தாங்களா?”

தெருவில் ஒரு பூனை குட்டி போட்டாலும் எத்தனை, என்ன நிறம் என்று சொல்கிறவள் நான்.

“நான் எதையும் பாக்கலைங்களே” என்றேன்.

ஜிம் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்து மணிக்கு வேறொருவர் காரைப் பார்க்க வருவதாகச் சொல்லிச் சாவிக்குக் கையை நீட்டினான். மெக்கானிக் சட்டைப்பையில் கையை விட்டார். விட்ட கை வெளியே வர மறுத்தது. ஒருவழியாக வந்தது.

அவர் மனைவி படியிலிருந்து இறங்கினாள். என்னவோ முணுமுணுத்தாள்.

“என்னது?” என்றார் மெக்கானிக்.

பாவம், பாதிக் காதுக்காரரிடம் ரகசியம் சொல்ல முடியுமா?

“ஒரே தடவைல ஸ்டார்ட் ஆச்சுன்னேங்க! ஆறிக் கெடந்த வண்டி! புகையும் இல்ல, உதறலும் இல்ல!”

மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

மெக்கானிக் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். சீட்டு ஸ்டியரிங்கை முட்டும் அளவுக்கு முன்னால் தள்ளியிருந்தது. ஆறடி ஜிம் மாஸ்டரைப் பார்த்தார். தன் தோளுக்கும் எட்டாத மனைவியைப் பார்த்தார்.

“எப்படியும் இதையும் திருப்பி அனுப்பிடுவீங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவைன்னு...” என்றாள் அவள்.

“நீ எங்க கத்துக்கிட்ட?”

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் நடை தினமும் பின்தெரு ஓட்டுநர் பள்ளி வாசலோடு நின்றுவிடும் என்பதை அவள் எப்படிச் சொல்வாள்?

அவர் சுற்றிப்போய் மறுபக்கத்துக் கதவையும் திறந்தார். அந்தச் சீட்டு பின்னால் போகக்கூடிய மட்டும் போயிருந்தது. குனிந்து, அதன் அடியிலிருந்து எதையோ எடுத்தார். ஊதினார். சட்டை நுனியில் துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

மாட்டிக்கொண்டேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது உட்பட.

“தம்பி, பேப்பர எடுங்க” என்றார்.

ஆனால் ஒன்று. நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னது சத்தியம். அவள் மிதித்த மிதியில் கண்ணாடி எகிறியது முதல், வீடு வந்து சேரும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை.