ஒருத்தரையும் விடாமல்

"எனுமரேட்டர்னா உள்ள வந்துடலாமா? அங்கேயே நில்லு!" ரெத்தினம் கேட்டைத் திறக்கவில்லை.

"ஒருத்தரையும் விடாம எண்ணி எழுதுறதுதாங்க என் வேலை" என்றாள் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவள். பூதலூர் வெயில் மண்டையைப் பிளந்தது. "உங்களுக்குப் பிறந்த பிள்ளைங்க எத்தனை பேருங்க?"

"ரெண்டு."

"இப்ப உயிரோட இருக்கிறவங்க?"

"ஒண்ணு. பையன் மட்டும்தான். பொண்ணு கதை ஆத்தோட போச்சு. எழுதிக்கிட்டுக் கிளம்பு!"

செல்போனில் அவள் விரல் நகரவில்லை.

"என்ன, எழுதக் கை வரலையா?" என்று ரெத்தினம் உறுமினார்.

உள்ளே கரண்டி விழுகிற சத்தம். அவர் மனைவி அம்சவல்லி ஓடிவந்து, அவரைத் தள்ளிவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

"உங்கப்பன் உன்னைத் தலைமுழுகிட்டா நீ செத்துட்டியாடி? ரெண்டுன்னு எழுது!"