வண்டிக்கு அடியில்

மண்ணைத் தோண்டாமலே அடியில் இருப்பதைப் பார்க்கலாம். ரேடார் வண்டியைத் தரைமேல் இழுத்தால், அதன் அலை சுவரிலோ வெற்றிடத்திலோ மோதித் திரும்பும்; திரும்ப ஆகும் நேரம் ஆழத்தைச் சொல்லும். வரிவரியாக இழுத்ததைக் கணினியில் அடுக்கினால் புதைந்த வீடு எழுந்து நிற்கும்.

கல்லாற்றுத் தோப்பில் ஷெமி தனியாகத்தான் இழுத்தாள், போகும்போது ஒரு வரி, வரும்போது அடுத்த வரி. வரும் வரிகளைக் கணினியில் இடவலம் மாற்றிப் புரட்டிப்போட வேண்டும், மறந்துவிட்டாள். திருவனந்தபுரம் ஆபீஸ் திரையில் சுவர்கள் ரம்பப் பல்லாகத் தெரிந்தன. புரட்டியதும் நேராயின. அதுவரை நேராக இருந்த ஆளளவு வெற்றிடம் ஒன்று மட்டும் ரம்பப் பல்லாயிற்று. அவள் எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும், கிளம்பிய சற்று நேரத்தில் அது வண்டிக்கு அடியில் வந்திருந்தது.

“வெறும் சிக்னல் நாய்ஸாக்கும், அழிச்சு விடு,” என்றான் உடன் வேலை செய்யும் ஸ்ரீஜித். “எங்கே குழி வெட்டணும்னு இன்னைக்கே சொல்லணும், கேட்டியா? உன் முதல் சைட்டு, சொதப்பிராதே.”

“நாளைக்கு நீயும் வாயேன்.”

“தனியா போயிட்டு வந்தவளுக்கு இப்ப என்ன பேடி, பயமா?”

மதியம் ரேடாரை அணைக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பொதிச்சோறு சாப்பிட்ட நேரமும் பதிவாகியிருந்தது. வண்டி நகராதபோது எல்லாம் ஒரே ஆழத்தில் கோடாக ஓட வேண்டும். சுவர் அப்படித்தான் ஓடியது. வெற்றிடம் மெல்ல மேலேறி வந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஓரடி ஆழத்தில் இருந்தது.

இந்த ஊருக்கு வந்த பிறகு அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

வெட்ட வேண்டிய இடத்தைத் தோப்பின் மறுகோடியில் குறித்து அனுப்பினாள். அங்கே ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.