கடைசிப் பக்கத்து முகம்

“கதவுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறானே, அவனை ஏன் சொல்லல?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசிப்பு அறையின் கதவு சாத்தியிருந்தது, பின்னால் யாரும் இல்லை. கையிலிருக்கும் புத்தகத்தைத்தான் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

படத்தைக் குனிந்து பார்த்தாள். பாழடைந்த மாளிகை, ஒருக்களித்த கதவு. அந்த இடுக்கில் நகக்கண் அளவுக்கு ஓர் ஆள். அவள் கண்ணுக்கே இப்போதுதான் பட்டது. எதிரே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவருக்கோ இரண்டு கண்ணும் தெரியாது.

பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது அந்த நூலகத்தில் அவளுக்கு எட்டு வருட வேலை. சரித்திரம், சட்டம், குடும்பக் கதை என்று எதைக் கொடுத்தாலும் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பாள். இவர் கொண்டுவந்த பேய்ப் படக்கதை மட்டும் வேப்பங்காயாகக் கசந்தது. பக்கத்துக்குப் பக்கம் சவப்பெட்டி, வௌவால், இரத்தமில்லாத பெண்கள். அட்டையில் இருந்த புனைபெயரையும் அவள் கேள்விப்பட்டதில்லை.

முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிப் பார்த்தாள். “எனக்கு இந்த மாதிரியெல்லாம் பிடிக்காது சார். பேய்க்கதைன்னா உயிரை விடுற ஆளு ஒருத்தர் இங்க இருக்காரு. அவரைப் படிக்கச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். பிடிக்காதவங்களே படிக்கட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது கதவிடுக்கு ஆளைச் சமாளித்துவிட்டு, அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். “மாளிகைக்கு மேல வானம். முழுக்கக் கறுப்பு.”

“கறுப்பு இல்லம்மா, கோடு. நெருக்கி நெருக்கிப் போட்ட கோடு. கிட்ட வச்சுப் பாருங்க.”

பார்த்தாள். கோடுதான்.

இந்த மனிதருக்குக் கண் தெரிகிறது. பார்வை போனவர் மாதிரி நடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாத இந்த அறையில் தினமும் தன் எதிரே உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் அவள் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை சீக்கிரமே வந்து, அவர் நடக்கும் வழியில் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அவர் நேராக வந்து நாற்காலியில் மோதிக் குப்புற விழுந்தார். கண்ணாடி தெறித்து ஓடியது. தரையைத் துழாவிக்கொண்டே நிமிர்ந்த முகத்தில் இரண்டு கண்ணும் பால் படிந்தது போல வெளுத்திருந்தன.

“ஐயோ, மன்னிச்சிடுங்க சார்!” ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். செய்த காரியத்துக்கு உடம்பு கூசியது. ஆனால் பயம் போகவில்லை, இரண்டு மடங்கானது. கண் தெரிந்தவர் என்றால் அது ஒரு வகைப் பயம். தெரியாதவர் என்றால், கதவிடுக்கில் நின்றவனை இவருக்குக் காட்டியது யார்?

நூலகரிடம் போய், இவர் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று நின்றாள்.

“இன்னும் நாலு பக்கம்தானேம்மா?” என்றார் நூலகர். “பாவம், எங்கெங்கேயோ அலைஞ்சுட்டு இங்க வந்திருக்காரு. முடிச்சு அனுப்பிடு.”

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று பக்கம் ஒப்பேற்றினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பியவள் கை அப்படியே நின்றது.

பக்கம் முழுக்க ஒரே ஒரு முகம். கதாநாயகியின் முகம். ஒரு நிமிடம்கூட அதைப் பார்க்க முடியவில்லை.

“என்ன இருக்கு?” அவர் முன்னால் சாய்ந்தார்.

“ஒரு பொண்ணு. அழகா இருக்கா. அவ்வளவுதான் சார், கதை முடிஞ்சுது.”

சட்டென்று அவர் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பனிக்கட்டி போல இருந்தது அந்தக் கை.

“பொய் சொல்லாதீங்க. குரல் நடுங்குது.”

“கையை விடுங்க!”

“எல்லாரும் ‘பிரமாதம், பிரமாதம்’னே சொல்றாங்க. நான் யாரை நம்புறது? பிடிக்காத நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கம்மா!”

வெளியே நூலகர் புத்தகம் அடுக்கிக்கொண்டிருப்பது கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது. கத்தினால் கேட்காது. சொல்லித் தொலைத்தால் விட்டுவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

“கோரமா இருக்கு சார்! ஒரு கண்ணு நெத்திக்கு ஏறிடுச்சு. இன்னொண்ணு கன்னத்துல இறங்கிக் கிடக்கு. வாய் முகத்தை விட்டே வெளிய போயிடுச்சு. கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, யாரோ பிறாண்டி வச்ச மாதிரி இருக்கு. புத்தகம் பூரா எனக்குப் பிடிக்கல. ஆனா பயந்து நடுங்கினது இந்த ஒரு பக்கத்துக்குத்தான். போதுமா?”

பிடி தளர்ந்தது.

அவர் மேசைமேல் கையை ஓடவிட்டு, திறந்திருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல அந்தத் தாளைத் தொட்டார்.

“அவ இங்க சிரிக்கணும்மா,” என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தப் பேய் சார் அவளை இப்படி ஆக்குச்சு? கதையில அதைப் போடவே இல்லையே?”

“பேய் இல்லம்மா. இதை வரையறப்பதான் எனக்குக் கண்ணு போச்சு.”